நங்கையாளுக்கு எடுத்த சீட்டு

உக்காரு கண்ணு, உக்காரு. அந்த சீட்டுல யாரும் வரல. இரு, பையை நான் மடியில வெச்சுக்கறேன். ம், இப்ப உக்காரு. மைசூருல ஏறுனப்பவே கண்டக்டரு கேட்டாரு, பக்கத்துல ஆள் வர்றாங்களாம்மான்னு. வர்றாங்கன்னு சொல்லிப்போட்டேன். வாய்க்கு அப்படித்தான் வந்துது. வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் சொன்னேன். வண்டி நகந்த பொறகுதான் கம்முனு பையை எடுத்து அங்க வெச்சேன். எங்க நங்கையாளுக்கு எடுத்த சீட்டு அது.

நங்கையான்னா தெரியுமா? நீ எந்த ஊரு? தூத்துக்குடிப் பக்கமா? அப்பத் தெரியாது. எங்க கோபிப் பக்கம் ஊட்டுக்காரரோட அக்காளை நங்கையான்னுதான் கூப்புடுவோம். எங்க நங்கையா பேரு சாந்தாமணி. என்ற பேரு மயிலாத்தா. ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போனோம், நான் ஒண்டியாத் திரும்பி வர்றேன். சத்தியமங்கலத்துல எறங்கினா எங்க ஊட்டுக்காரரு கார் எடுத்துட்டு வந்து நிப்பாரு. மொதக் கேள்வியே 'அக்கா எங்க'ன்னுதான் கேப்பாரு. என்னத்தச் சொல்றது? ஏறுனதுலேர்ந்து அதையேதான் ரோசிச்சுட்டு வர்றேன். தலையே வலிக்குது.

எல்லாம் என்ற பொண்ணு கோகிலா பண்ணுன வேலை. பெங்களூருல இருக்கறா. அம்மாளுக்கு அறுவது முடிஞ்சுதுன்னு போன்லயே எதையோ அமுக்கி எங்க ரெண்டு பேருத்து பேரையும் குடுத்துப்போட்டா. அம்பது தாண்டுன பொம்பளைங்க மட்டும் போற சுத்துலாவாமா. ஆம்பளைங்க கெடையாது, பேரம்பேத்தி கெடையாது, அவசரம் கெடையவே கெடையாதாமா. ஒரு நாளைக்கு ஒரு எடந்தான். மெல்ல நடக்கோணும், கால் வலிச்சா உக்காரோணும், காப்பி குடிக்கோணும், பொழுதோட எங்காச்சும் போயிப் பாட்டுக் கேக்கோணும். அவ்ளோதான். 'ஏஞ் சாமி, இதுக்கு எதுக்கு மைசூரு? நம்ம ஊட்டு வாசல்ல உக்காந்தா ஆகாதா'ன்னு கேட்டேன். 'நீ என்னைக்கும்மா வாசல்ல உக்காந்தே'ங்கறா. கழுதை, வாய் மட்டும் நல்லாத்தான் இருக்குது.

நான் ஒரேமுட்டா வேண்டான்னேன். மாடு கன்னு போடற நேரம், தோட்டத்துல மஞ்சளுக்குக் களை எடுக்க ஆள் சொல்லியிருக்குது. நங்கையாளும் வரமாட்டாங்க, அவங்களுக்கு இதெல்லாம் ஆகாதுன்னு போன்ல சொல்லிட்டே இருக்கறேன், அடுப்படியில இருந்து ஒரு சத்தம். 'நான் போறேன்.' திரும்பிப் பாத்தா நங்கையாதான். கீரை ஆஞ்சுட்டு இருக்கறாங்க, தலையைக்கூட நிமுத்தல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. முப்பது வருசத்துல நான் கேக்காம அவங்க வாயிலிருந்து ஒரு 'ம்' வந்ததில்ல கண்ணு. அவங்க போறேன்னு சொன்ன பொறகு நான் போகாம எப்படி? அவங்களை யாரு பாத்துக்குவா? மாட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்காரிகிட்ட ஒப்படைச்சுட்டுக் கெளம்புனேன்.

நான் அவங்களைப் பாத்துக்கிட்ட மாதிரி கூடப் பொறந்தவளும் பாத்திருக்க மாட்டா. இதை எங்க ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவங்க ஊட்டுக்காரரு லாரி மோதித் தவறுனப்ப அவங்களுக்கு முப்பத்தஞ்சுகூட ஆகல. கொழந்தை இல்ல. தம்பி ஊடுன்னு எங்ககூட வந்துட்டாங்க. வந்த அன்னைக்கே எங்க மாமியா வெள்ளைச் சேலை எடுத்து வெச்சுட்டாங்க. பெத்த தாயி பாரு! நான் அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து நாலஞ்சு வருசந்தான் ஆகுது. மாமியா எதுக்க நிமுந்து நின்னதில்ல. அன்னைக்கு நின்னேன். 'என்ற கண்ணு முன்னால அவங்க இதைக் கட்டக் கூடாது'ன்னு சொல்லி அந்தச் சேலையை வாரிக்கிட்டுப் போயி மாட்டுக்கொட்டாயில கடாசிட்டேன். மாமியா எங்கிட்ட ஆறு மாசம் பேசல.

அப்பறம் நான்தான் சந்தனக் கலர்ல சேலை எடுத்துக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் நான்தான் எடுக்கறேன். சந்தனக் கலரு, சாம்பக் கலரு, ரொம்பப் போனாக் காப்பித்தூள் கலரு. அதுக்கு மேல போனா நாலு பேரு நாலு சொல்லுவாங்கல்ல? ஒரு சொல்லு அவங்க காதுல உழுகக் கூடாது, அதுதான் எனக்கு. கலியாணங் காச்சின்னு போனாத் தாலி கட்டற நேரத்துக்கு முந்தியே அவங்க கையைப் புடிச்சுப் பந்திப் பக்கம் கூட்டிட்டுப் போயிருவேன். வேற எவளாச்சும் வந்து, 'செத்த அக்கட்ட நில்லுங்க'ன்னு சொல்லிப்போட்டா? அந்தப் பேச்சு வர்றதுக்குள்ள நாமளே நகந்துட்டாக் கௌரவமா இருக்கும் பாரு. அவங்களும் பேசாம வருவாங்க. சாம்பார் வாளியைத் தொறந்து உப்புப் பாப்பாங்க. வாசல்ல மேளம் பலமா அடிக்கறப்ப மட்டும் வாளி மூடியைப் புடிச்சுட்டு அப்படியே நிப்பாங்க. நான் போயி, 'வாங்க நங்கையா, எலை போடலாம்'ம்பேன்.

சரி, மைசூரு கதைக்கு வர்றேன். எங்களைக் கூட்டிட்டுப் போனவ பேரு ஷோபனா. கோயமுத்தூர்க்காரி, எங்க வயசுதான் இருக்கும். முடியைக் கத்தரிச்சு உட்டுக்கிட்டு, காலுல பள்ளிக்கூடத்துப் பசங்களாட்ட ஷூ. நல்ல பொம்பளைதான், கொறை சொல்லக் கூடாது. ஆனா தெனமும் விடிஞ்சா ஒரே பாட்டு, 'யாரும் அவசரப்படாதீங்க, இன்னைக்கு ஒரு வேலையும் இல்ல.' ஒரு வேலையும் இல்லாம மனுசி எப்படிக் கண்ணு இருக்கறது? நான் நாலு மணிக்கு முழிச்சுக்குவேன். கறக்க மாடு இல்ல, பத்த வெக்க அடுப்பு இல்ல. ரூமைக் கூட்டலாம்னாச் சீமாறு இல்ல. ரெண்டு பேருத்துச் சேலையையும் தொவைச்சு சன்னல் கம்பியில காயப் போட்டேன். ஓட்டல்காரன் வந்து ரோட்டுல இருந்து பாத்தா அசிங்கமாத் தெரியுதுன்னு எடுக்கச் சொல்லிட்டான். சும்மா இருக்கறதுக்கும் ஒடம்புல ஒரு தெம்பு வேணும். எனக்கு அது இல்ல. அங்க இருந்த நாளெல்லாம் எனக்கு மூட்டுக்கு மூட்டு வலி. ஊருல களை எடுத்தாக்கூட அப்படி வலிச்சதில்ல.

நங்கையா என்னடான்னா ஏழு மணி வரைக்கும் தூங்கறாங்க! ஊட்டுல எனக்கு முந்தி எந்திரிக்கறவங்க. ஒடம்பு சரியில்லையோன்னு நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். 'என்னைத் தூங்க உடு மயிலு'ங்கறாங்க.

அங்க எஸ்தர் டீச்சருன்னு ஒருத்தி. திருச்சிக்காரி, பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டேர் ஆனவ, கலியாணமே பண்ணிக்கல. மொத நாளே நங்கையா பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டா. 'சாந்தாமணி, உங்களுக்கு என்ன பாட்டுப் புடிக்கும்? சாந்தாமணி, கடல் பாத்திருக்கீங்களா?' இப்படியே கேட்டுக்கிட்டே இருப்பா. நங்கையாளுக்குச் சட்டுனு பேச வராது, நான்தான் பதில் சொல்லுவேன். 'நங்கையா பாட்டெல்லாங் கேக்க மாட்டாங்க', 'ராமேஸ்வரத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கறோம்'ன்னு. அவ என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு, மறுக்காவும் நங்கையா மூஞ்சியையே பாத்துட்டு இருப்பா. பதிலுதான் வந்துருச்சே, இன்னும் என்ன பார்வை?

ஒரு நாளு தோசை திங்கக் கூட்டிட்டுப் போனாங்க. வெண்ணெயை மேல வெச்ச மசால் தோசை, உள்ளுக்குள்ள செக்கச்செவேல்னு மொளகாச் சட்டினி தேச்சிருக்குது. நான் சப்ளையரைக் கூப்புட்டு, 'இவங்களுக்கு அந்தச் செவப்புச் சட்டினி வேண்டாங்க, காரம் ஆகாது'ன்னேன். நங்கையா நிமுந்து, 'எனக்குச் சட்டினி நெறையா வெச்சுக் கொண்டாங்க'ங்கறாங்க. கண்ணு, ரெண்டு தோசை தின்னாங்க! மூக்குல தண்ணி வழியுது, கண்ணுல தண்ணி வழியுது, தொடைச்சுக்கிட்டே திங்கறாங்க. முப்பது வருசமா நான் தனியா ஒரு சட்டியில காரமில்லாம கொழம்பு வெச்சுக்கிட்டு இருக்கறேன். தாலி அறுத்தவங்களுக்குக் காரம், புளிப்பு, பூண்டு ஆகாதுன்னு எங்க மாமியா சொன்னது. சேலைக்குச் சண்டை போட்டேன், சோத்துக்குமா சண்டை போட முடியும்? அப்படியே பழகிப் போச்சு. 'ஏனுங் நங்கையா, காரம் வேணும்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல'ன்னு கேட்டேன். 'நீ கேக்கல'ன்னாங்க. அம்புட்டுத்தான். எஸ்தர் டீச்சரு தண்ணி ஊத்திக் குடுத்தா.

மறுநாளு ஷோபனா சொல்றா, 'இன்னைக்கு ஆளுக்கு அரை நாள், அவங்கவங்க தனியாப் போயிட்டு வாங்க, யாரும் யார்கூடவும் சேரக் கூடாது.' அவளுக்கு என்ன, சொல்லிட்டா. பாஷை தெரியாத ஊருல நங்கையாளை ஒண்டியா உட முடியுமா? அவங்க பையை மாட்டிக்கிட்டுக் கெளம்புனாங்க. நானும் கொஞ்சம் எட்டப் பின்னாலயே போனேன். அவங்களுக்குத் தெரியாம எல்லாம் இல்ல, நான் மறையவும் இல்ல. அவங்க திரும்பிப் பாக்கல, அவ்ளோதான். அவங்க நல்லா வெசையா நடந்து மார்க்கெட்டுக்குள்ள போனாங்க. அங்க குங்குமத்தைக் கலர் கலராக் குமிச்சு வெச்சிருப்பாங்க பாரு, அதை நின்னு பாத்தாங்க. வாழைப்பழம் ஒன்னு வாங்கி நின்ன எடத்துலயே உரிச்சுத் தின்னாங்க. அப்பறம் பூக்காரம்மா கிட்டப் போனாங்க.

மல்லிகை. அங்க மொழக் கணக்கு இல்லையாமா, கையை அகல விரிச்சு மாருன்னு அளந்து குடுக்கறாங்க. அந்தப் பூக்காரம்மா வாழை எலையில சுத்திக் குடுக்கறா, நங்கையா வேண்டாங்கற மாதிரி கையை ஆட்டிட்டுப் பூவை அப்படியே கையில வாங்கறாங்க. நான் ஓடுனேன். 'சாமிக்குத்தானுங்க நங்கையா? நீங்க எதுக்குத் தூக்கிட்டு அலையறீங்க, குடுங்க'ன்னு வாங்கிக்கிட்டேன். சுத்திலும் எத்தனை பேரு பாரு, நம்ம பாஷை தெரிஞ்சவங்களும் இருப்பாங்கல்ல. கொண்டாந்து ஓட்டல் வாசல்ல ஒரு புள்ளையார் படம் இருக்குது, அதுக்குச் சாத்திட்டேன். பாக்கவும் நல்லாத்தான் இருந்துது. நங்கையா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. கோவம்னு சொல்ல முடியாது. நாலு ஏக்கரு ஒத்தையா அறுத்துட்டு வந்து குந்துனவ பாப்பாளே, அந்தப் பார்வை. எனக்கும் அன்னைக்குக் கால் வலி, போயிப் படுத்துட்டேன்.

இனி நடந்ததைக் கேட்டுட்டு நீயே சொல்லு, தப்பு யாரு மேலன்னு.

கடைசிக்கு முந்துன நாளு ஒரு அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. லலிதாம்பான்னு பேரு. பழைய காலத்து ஊடு, எண்ணெய் போட்ட மாதிரி செவப்புத் தரை, உக்காந்து வீணை வாசிச்சுக் காட்டுனாங்க. என்ன பாட்டோ, எனக்கென்ன தெரியும், ஆனா கேக்கக் கேக்கக் கண்ணு சொருகுச்சு. மொதத் தடவையா அங்க எனக்குக் கொஞ்சம் அசதி உட்டுது. வாசிச்சு முடிச்சுப்போட்டு அந்த அம்மா வெள்ளித் தட்டுல மஞ்சளு, குங்குமம், பூவு, வெத்தலை வெச்சுக்கிட்டு வந்தாங்க. அவங்க ஊரு வழக்கமாமா, ஊட்டுக்கு வந்த பொம்பளையை வெறுங்கையா அனுப்ப மாட்டாங்களாமா. வரிசையா ஒவ்வொருத்தருக்கா நீட்டிக்கிட்டு வர்றாங்க. ஷோபனா, அப்பறம் இன்னொருத்தி, அப்பறம் நானு. எனக்கு அடுத்து நங்கையா.

அந்த அம்மா நங்கையா நெத்தியைப் பாப்பாங்க, திருநீறு மட்டுந்தான் இருக்குது, பாத்ததும் தட்டை வெடுக்குனு இழுத்துக்குவாங்க. அத்தனை பேரு முன்னால! அந்த அவமானத்தை அவங்க தாங்குவாங்களா? நான் தாங்குவனா? தட்டு நகர்றதுக்குள்ள நான் கையைக் குறுக்க நீட்டிட்டேன். 'அவங்களுக்கு வேண்டாங்க. அவங்க ஊட்டுக்காரரு தவறிட்டாரு'ன்னு சொல்லிட்டேன். தன்மையாத்தான் சொன்னேன்.

அந்த அம்மா தட்டை இழுக்கல. அப்படியே புடிச்சுட்டு நிக்கறாங்க. அப்பறம் அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழுல சொல்றாங்க, 'எங்க யஜமானரும் போயாச்சு. ரொம்ப வருசம் ஆச்சு.' யஜமானருன்னா அங்க ஊட்டுக்காரராமா. எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? நெத்தி நெறையாப் பொட்டு, தலை நெறையாப் பூவு, பட்டுச் சேலை. ஒருத்தியைப் பாத்தா ஒருத்திக்குத் தெரிய வேண்டாமா? என்ற கை இன்னும் அங்கயே நிக்குது, தட்டுக்கும் நங்கையாளுக்கும் நடுவுல. எடுக்கோணும்னு தோணல, அப்படியே நிக்குது.

நங்கையாதான் என்ற மணிக்கட்டைப் புடிச்சாங்க. புடிச்சு, மெல்ல எறக்கி, என்ற மடியிலயே வெச்சாங்க. வெச்சுப்போட்டு அந்த அம்மாளுக்கு நெத்தியைக் காட்டுனாங்க. அந்த அம்மா வெச்சு உட்டாங்க. பூவையும் அவங்களே சொருகி உட்டாங்க. எஸ்தர் டீச்சருக்கு அழுகை வந்துருச்சு, அவளுக்கு எதுக்குன்னுதான் தெரியல. நான் நங்கையா மூஞ்சியைப் பாக்கல. பாத்தா ஆகாதுன்னு தரையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அறுவத்தஞ்சு வயசுல இது எதுக்கு, சொல்லு? அதுக்குத்தான நான் இத்தனை வருசம்... சரி உடு.

அன்னைக்குப் பொழுதோட ஓட்டலுக்கு வந்ததும் சீப்பு, சோப்பு டப்பா, ரெண்டு சேலை எடுத்துக்கிட்டு எஸ்தர் டீச்சரு ரூமுக்குப் போயிட்டாங்க. 'எங்கீங்க போறீங்க'ன்னேன். 'அங்க படுத்துக்கறேன் மயிலு'ன்னாங்க. அம்புட்டுத்தான் பேச்சு. நான் என்ன கொறட்டையா உடறேன்? முப்பது வருசமாப் பக்கத்து அறையிலதான படுக்கறாங்க? அவரு வெளியூரு போனா என்ற பக்கத்துலயே பாய் போட்டுப் படுப்பாங்க, எனக்கு இருட்டுன்னாப் பயம்னு. எனக்குத் தூக்கமே வரல.

இன்னைக்குக் காலையில ரெண்டு பேருத்துப் பையையும் நானே கட்டி, வழிக்குத் தண்ணி எல்லாம் ரொப்பிக்கிட்டு அவங்க ரூம் கதவைத் தட்டுனேன். வெளிய பால்கனியில உக்காந்து காப்பி குடிக்கறாங்க. 'நங்கையா, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க'ன்னேன்.

'நீ போ மயிலு. நான் வரல'ன்னாங்க.

எஸ்தர் டீச்சரோட தங்கச்சி ஊடு மைசூருல சும்மா இருக்குதாமா. அந்தத் தங்கச்சி மவகிட்ட வெளிநாடு போயிட்டாளாமா. டீச்சரு அங்கதான் தங்கப் போறாளாம், இவங்களும் இருக்கறாங்களாம். 'எத்தனை நாளைக்குங்க'ன்னேன். 'தெரியல, வர்றப்ப வர்றேன்'ங்கறாங்க. 'ஊரு என்னங்க சொல்லும்?'ன்னு கேட்டேன்.

அவங்க காப்பி டம்ளரைக் கீழ வெச்சாங்க. 'ஊரு சொல்லும், ஊரு சொல்லும்ங்கறே. நானும் முப்பது வருசமாக் காதைக் குடுத்துட்டுத்தான் இருக்கறேன். ஊரு எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல மயிலு. சொன்னதெல்லாம் நீதான்.'

இப்படிச் சொல்லிட்டாங்க கண்ணு. நானாம். கோவமாச் சொல்லியிருந்தாத் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவங்க என்ற முந்தானை மடங்கியிருந்ததைச் சரி பண்ணிக்கிட்டே சொல்றாங்க. ஊரு சொல்லிரக் கூடாதுன்னுதான நான் முந்திக்கிட்டேன்? நான் முந்துனதாலதான அது சொல்லல? இந்தக் கணக்கு அவங்களுக்கு ஏன் புரியல? 'எனக்குச் சலிச்சுப் போச்சு. உனக்குச் சலிக்கலயா'ன்னு கேட்டாங்க. எனக்குச் சலிக்க எங்க நேரம்? 'அவருகிட்ட நான் போயி என்னங்க சொல்றது'ன்னு அழுதுட்டேன். 'நீ ஒன்னும் சொல்ல வேண்டா மயிலு'ன்னாங்க. ஒன்னுஞ் சொல்லாம எப்படி? போயி எறங்குனதும் அவரு கேக்க மாட்டாரா?

இந்தா, காடு தாண்டியாச்சு போல. இந்தக் கொண்டை ஊசி வளைவு எல்லாம் எறங்குனதுல எனக்கு வவுறு ஒரு மாதிரி பண்ணுது. நீ படிச்ச புள்ள, ஒரு ரோசனை சொல்லு. முழங்கால் வீங்கிருச்சு, அங்கயே வைத்தியம் பாத்துட்டு வர்றாங்கன்னு சொல்லலாமா? அவரு ஒடனே காரைத் திருப்பிருவாரு. சாமுண்டி கோயில்ல ஒரு மண்டலம் இருக்கறேன்னு வேண்டிக்கிட்டாங்கன்னு சொல்லலாம். சாமி சமாச்சாரம்னா ஆரும் மறு பேச்சுப் பேச மாட்டாங்க. சொந்தக்காரங்க கேட்டாலும் அதையே சொல்லிக்கலாம், அவங்க பேரும் கெடாது. என்ன, சரியா வருமா?

பொய் சொல்றது எனக்குப் பெருசில்ல. அவங்க இல்லாத ஊட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னுதான் தெரியல கண்ணு. விடியால அடுப்படிக்குப் போனா எனக்கு முந்தி அங்க ஒரு ஆள் இருக்கோணும். இத்தனை வருசத்துல அந்த அடுப்படிக்கு நான் ஒண்டியாப் போனதில்ல. எனக்குப் பயமா இருக்குது. அவருகிட்ட இதைச் சொன்னாச் சிரிப்பாரு.

இரு, இரு, போன் அடிக்குது. அவருதான். பண்ணாரி வந்ததும் டவர் கெடைச்சிருச்சு பாரு. நீ செத்த பேசாம இரு கண்ணு.

ஹலோ... ஆமாங்க. மலை எறங்கியாச்சுங்க, பண்ணாரிகிட்ட வந்துட்டோம்... ம்... நங்கையாளா? பக்கத்துலதான் இருக்கறாங்க. தூங்கறாங்க. அசதி, வளைவு எறங்குனதுல தலை சுத்துதுன்னு தூங்கறாங்க. எழுப்ப வேண்டாம், ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம்... என்னங்க?... கேக்கல, என்ன சொன்னீங்க?... எப்ப?... காலையிலயா?... ம்... ம்... வேற என்ன சொன்னாங்க?... ம்... சரிங்க. வெக்கறேன்.

பேசிட்டாங்களாமா கண்ணு. நான் ஓட்டலை உட்டு வெளிய வந்ததுமே அவங்களே தம்பிக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாமா. அரை மணி நேரம் பேசுனாங்களாம். முப்பது வருசம் ஒரே ஊட்டுல இருந்து அவங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா அரை மணி நேரம் பேசி நான் பாத்ததில்ல. அவரும் 'இருந்துட்டு வாக்கா'ன்னு சொல்லிட்டாராம். நான் இங்க தூங்கறாங்க, தலை சுத்துதுன்னு சொல்லிட்டு இருக்கறேன், அவரு அந்தப் பக்கம் எல்லாந் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுக் கேட்டுட்டு இருந்திருக்காரு.

இன்னொன்னு கேளு. அவங்க அவருகிட்டச் சொன்னாங்களாம், 'மயிலு வந்து எதாச்சும் சாக்குச் சொல்லுவா, அதுக்கு அவளை வையாதே. அவளும் ரொம்ப அசந்து போயிருக்கறா, காரம் போட்டு எதாச்சும் வாங்கிக் குடு, ரெண்டு நாளைக்கு ஒரு வேலையும் சொல்லாதே, தூங்கட்டும்'ன்னு.

எனக்குப் பதிலா அவங்க சொல்றாங்க! நான் அசந்து போயிட்டேன்னு அவங்களுக்கு யாரு சொன்னா? எனக்கு என்ன வேணும்னு சொல்றதுக்கு என்ற வாய் என்ன செத்தா போச்சு? ஒரு வார்த்தை என்னைக் கேக்க வேண்டாமா கண்ணு? இத்தனை வயசுக்கு மேல, எனக்காக இன்னொருத்தி பேசோணும்னு நான் கேட்டனா?